பீரில் புகையிலையா? வேண்டாம் இந்த விபரீதம்!

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்ச, ஜனாதிபதி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. மணத்துக்காகக் காப்பிக்கொட்டை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போடுகிறார்கள். சிலருக்கு அது போதவில்லை. புகையிலையையும் போட்டுப் பார்க்க ஆசை!

இது விளையாட்டல்ல, விஷம்.

புகையிலையில் உள்ள நிகோடின் தண்ணீரிலும் கரையும், மதுவிலும் கரையும். காய்ச்சினால் போய்விடாதா? அவ்வளவு எளிதில் போகாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நிகோடின் கொதிக்க 247 டிகிரி வேண்டும்! எந்த இலையில் எவ்வளவு விஷம் என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

புகையிலை பறிக்கும் தொழிலாளிகளுக்கு, ஈர இலை உடம்பில் பட்டாலே வாந்தியும் மயக்கமும் வருவதுண்டு. பட்டாலே இப்படி என்றால், குடித்தால்?

புகை மணம்தான் வேண்டுமா? ஜெர்மனியில் பாம்பர்க் நகரத்தார் பார்லியைப் புகையில் வாட்டிப் பீர் காய்ச்சுகிறார்கள். அதில் புகையிலை இல்லை.

காய்ச்சியவருக்காவது உள்ளே இருப்பது தெரியும். நம்பிக் கை நீட்டும் விருந்தாளிக்குத் தெரியுமா?