பியூஸ் கம்பியின் அருமை

கருவிகளை வாங்குவதில் நம் குடியானவர்கள் காட்டும் ஊக்கத்தை அவற்றைப் பேணுவதிலும் காட்டுவார்களாயின், வருஷந்தோறும் நேரும் வீண் நஷ்டத்திற் பெரும்பகுதி குறையும். மின்சாரப் பம்பும் டிராக்டர் பாட்டரியும் இதற்குத் தக்க திருஷ்டாந்தங்களாம்.

காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள வடக்குப்பட்டில் 2022 ஆம் வருஷம் நடந்த அகழாய்வில் கற்காலக் கருவிகள் வெளிப்பட்டன. அதனை அடுத்த ஒரகடத்திலோ 2010 ஆம் வருஷம் முதல் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகின்றன. இப்பக்கத்து வாலிபர்கள் தொழிற்சாலையில் ஒவ்வோர் இணைப்பையும் அளவறிந்து முடுக்கக் கற்கிறார்கள். அவர்கள் தகப்பன்மாரின் கிணற்றடியில் பியூஸுக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பி முறுக்கப்பட்டிருக்குமாயின், அது வருந்தத்தக்கதன்றோ?

பியூஸ் என்பது தான் உருகி மோட்டாரைக் காக்கும் காவலாள். 5 குதிரைசக்தி மோட்டார் முழுப் பாரத்தில் சுமார் 7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும்; புறப்படும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். இதற்கேற்ற அளவில் பியூஸ் அமைய வேண்டும். தடித்த கம்பி உருகாது. ஆதலால் மோட்டாரின் சுருளே வேகும். மேலும், மூன்று பேஸில் ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் பங்கு மின்சாரத்தைச் சுமக்கும். மோட்டார் உறுமிச் சூடேறிக் கருகும். இதைத் தடுக்கும் சாதனத்தை ஸ்டார்ட்டரோடு பொருத்திக்கொள்வது நலம்.

பாட்டரியின் விஷயமும் இத்தகையதே. தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரையே விடவேண்டும். கிணற்று நீர் ஆகாது. முனைகளிற் பூக்கும் வெண்பொடியை ஆப்பசோடா கரைத்த நீராற் கழுவித் துடைத்து, இணைப்பை இறுக்கி, வாசலின் தடவுக. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் தொடுக. மின்னேற்றும் பாட்டரியினருகே பீடி, தீக்குச்சி கூடா. அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும்.

"பயிர் வாடும் வேளையில் பியூஸ் கம்பியை எங்கே தேடுவது?" என்பார் சிலர். சிறு படகில் கடலேறுபவன் கரைக்கு நடந்துவர இயலாது. உப்புக் காற்று அவன் இணைப்புகளை ஓயாது அரிக்கும். ஆதலின் மாற்று பியூஸும் உலர்ந்த துணியும் அவனுக்குக் கைமுதல். கிணற்றடியிலும் ஒரு தகரப் பெட்டியில் அவை இருக்கலாகாதா? விவசாய மின்சாரத்திற்குக் கட்டணமில்லாத நம் மாநிலத்தில், சுருள் கட்டும் கூலியே பம்புச் செலவிற் பெரியது. ஈரக் கையால் தொட்டு உயிரிழப்போரின் நஷ்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லலாகாது. மெயின் சுவிட்சை நிறுத்தாமல் எதையும் தொடாதிருங்கள்; கம்பத்திலும் டிரான்ஸ்பார்மரிலும் உள்ள பியூஸ் மின்வாரிய ஊழியர்க்கே உரியது.

நவரைப் பட்டத்தில் ஏரி நீர் குறையுங்கால் கிணறே கதி. ஆதலால் பட்டம் தொடங்குமுன் ஒருநாளைக் குறித்து, ஊரிலுள்ள பம்புகளை அனுமதி பெற்ற மின் தொழிலாளி ஒருவரைக்கொண்டு சோதிப்பிக்க ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் முன்வர வேண்டும். தொழிற்சாலையில் வேலைசெய்யும் ஊர் வாலிபர்களை அன்று உடன் அழைப்பதும் தகும். மோட்டார் கருகியபின் மெக்கானிக்கைத் தேடி அலைவதினும், கருகாதிருக்க ஒருநாள் உழைப்பது மேலென்பது எமது அபிப்பிராயம்.