‘சின்ன வயசுதானே’

வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளை வீடு திரும்பியதும், பார்க்க வருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள்: “சின்ன வயசுதானே, மூளை தானா சரி பண்ணிக்கும்.” ஆறுதலுக்குச் சொன்னால் சரி. பள்ளிக்கூடமும் அதையே நம்புவதுதான் கொடுமை.

இந்த நம்பிக்கைக்கு விஞ்ஞான முலாமும் உண்டு. 1930களில் அமெரிக்காவில் மார்கரெட் கென்னார்ட் குரங்குகளின் மூளையில் கைகால் அசைவுக்கான பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். பெரியவற்றைவிடக் குட்டிகள் நன்றாகத் தேறின. கைகால் அசைவில் மட்டும்தான். பின்னால் வந்தவர்கள் அதைப் பொதுவிதி ஆக்கிவிட்டார்கள். மெல்போர்னில் விக்கி ஆண்டர்சன் குழுவினர் தலைக்காயம்பட்ட குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் கண்டது வேறு: பலத்த காயம் என்றால், மிகச் சிறு வயதில் பட்டவர்களே படிப்பிலும் அறிவுத்திறனிலும் அதிகம் பின்தங்குகிறார்கள்.

காரணம் எளிது. பெரியவருக்குக் கற்றுச் சேர்த்த கையிருப்பு இருக்கிறது. குழந்தைக்கு அடிபடுவது, இனி கற்க வேண்டிய திறனிலேயே.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைத் தடங்கலின்றி வாசிப்பான். வாசிப்பு விபத்துக்கு முன்பே வந்துவிட்டது. முதல் பத்தியில் என்ன இருந்தது என்று கேளுங்கள், விழிப்பான். “நோட்டை எடு, தேதி போடு, மூணாவது கணக்கை எழுது” என்றால் நோட்டை எடுத்ததோடு நின்றுவிடுவான். மதியத்துக்கு மேல் தலை மேசையில் சாய்ந்துவிடும். ஆசிரியர் இதற்கு வைக்கும் பெயர் திமிர். வீட்டில் செல்போன்மேல் பழி. ஸ்கேன்தான் நார்மலாயிற்றே! ரத்தக்கசிவைக் காட்டும் படம், ஒரு கேள்வியைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரமாகிறது என்பதையா காட்டும்?

திட்டமிடவும் பொறுமை காக்கவும் வேண்டிய மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்கிறது. ஆறு வயதில் பட்ட அடி ஒன்பதாம் வகுப்பில் வெளிப்படலாம். அப்போது அந்த விபத்தை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அமெரிக்கா 1990லேயே சிறப்புக் கல்விச் சட்டத்தில் தலைக்காயத்தைத் தனி வகையாகச் சேர்த்தது. நமது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அதற்குத் தனி இடமில்லை. தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் பிள்ளையை வேறொரு வகைக்குள் திணிக்க வேண்டும். பல பெற்றோர் அந்தச் சான்றிதழுக்கே கூசுகிறார்கள். ஊர் வாய் அப்படி.

முதல் சில வாரம் அரைநாள் வகுப்பு, இடையில் ஓய்வு, எழுதிக் கொடுத்த வீட்டுப்பாடம் — இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் தையல் பிரிக்கும் நாள் இருக்கிறது, மாத்திரை வேளை இருக்கிறது. வகுப்பாசிரியருக்கென்று ஒரு வரிகூட இல்லை.