கரண்ட் வெச்சு முடிச்சாச்சு, தோள்பட்டைக்கு யார் பொறுப்பு?

பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறவளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சையைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்டா, நியாயமான கேள்விதான். எனக்கு டெபிட் கிரெடிட் தெரியும், அவ்வளவுதான். ஆனா இந்த விஷயத்துல பாதி மருத்துவம், பாதி கணக்கு. மருத்துவப் பாதியை இந்த லீவுல உக்காந்து படிச்சேன். கணக்குப் பாதியைப் பாத்துத்தான் கோபம் வந்தது.

நம்ம ஊர்ல யாரும் ரேடியேஷன் தெரபின்னு சொல்றதில்லை. "கரண்ட் வைக்கறாங்க"ன்னுதான் சொல்லுவாங்க. உடம்புக்குள்ள கரண்ட் எதுவும் போறதில்லை (மெஷின் ஓட கரண்ட் வேணும், அது வேற விஷயம் :-)). போறது அதிக சக்தியுள்ள எக்ஸ்-ரே; பழைய கோபால்ட் மெஷினா இருந்தா காமா கதிர். உள்ள போறப்ப வலிக்காது, சூடு தெரியாது, கொஞ்ச நேரத்துல எழுந்து வந்துடலாம். அதனாலேயே கடைசி நாள் கரண்ட் முடிஞ்சதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு குடும்பமே நினைச்சுடுது. ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டுப் போய் நர்ஸுங்களுக்குக் குடுத்துட்டு வந்துடறோம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு யாரும் "அய்யோ, கரண்டே வேண்டாம்"னு ஓடிடாதீங்க. மார்பகத்தை முழுசா எடுக்காம கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களோட விவரங்களை ஒண்ணாச் சேத்துப் பாத்த ஆய்வு 2011-ல வந்தது. கதிர்வீச்சு எடுக்காதவங்கள்ல 10 வருஷத்துக்குள்ள 35 சதவீதம் பேருக்குப் புத்துநோய் திரும்பி வந்திருக்கு, எடுத்தவங்கள்ல 19.3 சதவீதம். 15 வருஷக் கணக்குல அந்த நோயாலேயே இறந்தவங்க 25.2-லேருந்து 21.4 சதவீதமாக் குறைஞ்சிருக்காங்க. உயிரைக் காப்பாத்தற சிகிச்சை இது, அதுல எனக்கு மறுபேச்சு இல்லை. காப்பாத்தினப்புறம் அந்தக் கையை வெச்சு அவங்க என்ன செய்யப் போறாங்கங்கறதுதான் என் கேள்வி.

தோள்பட்டை எலும்பு ஒரு விசித்திரமான எலும்பு. முதுகுல மேல் பக்கம் முக்கோணமா சப்பையா இருக்குமே, அதுதான். மத்த எலும்புக்கூட்டோட அதுக்கு இருக்கற ஒரே எலும்புத் தொடர்பு முன்பக்கம் இருக்கற காறை எலும்பு. மத்தபடி விலா எலும்புகளுக்கு மேல, தசைங்க பிடிச்சுக்கிட்டிருக்க, மிதந்துக்கிட்டிருக்கு. பதினேழு தசைங்க அதுல ஒட்டியிருக்குன்னு புத்தகங்கள் சொல்லுது. பக்கத்துல இருக்கற ஃப்ரெண்டோட முதுகுல உங்க கையை வெச்சுக்கிட்டு, அவங்களைக் கையை நேரா மேல தூக்கச் சொல்லுங்க. எலும்பு சுத்திக்கிட்டு வெளிப்பக்கமா நகர்றது உங்க உள்ளங்கைக்குத் தெரியும். முழுசா 180 டிகிரி தூக்கறதுல ஏறத்தாழ 60 டிகிரி இந்த எலும்பு நகர்றதால கிடைக்கறது. மீதிதான் தோள் மூட்டோட வேலை. அதாவது மூட்டு நல்லாவே இருந்தாலும், இந்த எலும்பு நகரலைன்னா கை மேல போகாது.

மார்பகப் புத்துநோய்க்குக் கதிர் வைக்கறப்ப மார்புச் சுவர், மார்புத் தசை, விலா எலும்பு எல்லாம் அதோட பாதையில வருது. நெறிக்கட்டிகளுக்கும் சேத்து வெச்சா காறை எலும்புக்கு மேல இருக்கற பகுதியும் அக்குளும் சேந்துக்கும். தோள்பட்டை எலும்பை அசைக்கிற தசைகள்ல பலதும் அந்த வட்டாரத்துலதான் இருக்கு. தோல் கறுக்கறது, உரியறது எல்லாம் அந்த வாரங்கள்லயே கண்ணுக்குத் தெரிஞ்சு, பெரும்பாலும் தானா ஆறிடும். உள்ள நடக்கறது மெதுவா நடக்கும். அடிபட்ட திசு தன்னை சரி பண்ணிக்கறேன்னு தழும்பு நாரை உருவாக்கிக்கிட்டே போகுது, எப்ப நிறுத்தணும்னு தெரியாம. சின்ன ரத்தக் குழாய்ங்க அடைபடுது. ரப்பர் மாதிரி இருந்த தசை தாம்புக்கயிறு மாதிரி ஆகுது. இது ஆரம்பிக்க சில மாசம் ஆகலாம், சில வருஷமும் ஆகலாம்.

மார்புத் தசை இப்படிச் சுருங்கினா தோளை முன்னாடி இழுக்கும், தோள்பட்டை எலும்பு முன்பக்கமா சாயும். கையைத் தூக்கறப்ப மூட்டுக்கு மேல இருக்கற சின்ன இடைவெளி இன்னும் குறுகி, அதுக்குள்ள போற தசைநாண் உரசும், வலிக்கும். வலிக்குதுன்னு கையைத் தூக்காம விடுவாங்க, தூக்காததால இன்னும் இறுகும். இதுல ஆபரேஷனோட பங்கும் இருக்கு, முக்கியமா அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருந்தா. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்றது டாக்டர்களுக்கே கஷ்டம். நோயாளிக்கு அந்தப் பிரிவினை தேவையும் இல்லை.

எலும்பும் பாதிக்கப்படும். புது எலும்பை உருவாக்கற செல்கள் குறைஞ்சு, ரத்த ஓட்டமும் குறைஞ்சு, எலும்பு பலவீனமாகும். சிலருக்கு விலா எலும்பு லேசான காரணத்துக்கே விரிசல் விடும். மிக மிக அபூர்வமா, பல வருஷம் கழிச்சு, கதிர் பட்ட இடத்துலயே புதுசா எலும்புப் புத்துநோய் வர்றதும் உண்டு. வளர்ற வயசுல இருக்கற குழந்தைங்களுக்கு அந்தப் பகுதியில வெச்சா, எலும்பு வளர்ற இடமே அடிபட்டு ஒரு பக்கத் தோள் சின்னதா நின்னுடலாம்.

நரம்பு விஷயம் தனிக் கதை. கழுத்துலேருந்து கைக்குப் போற நரம்புக் கத்தை காறை எலும்புக்குப் பின்னாடி போய் அக்குள் வழியா இறங்குது. இங்கிலாந்துல கதிர்வீச்சு எடுத்த பெண்கள் சிலருக்கு வருஷங்கள் கழிச்சுத் தீராத வலியும், கை செயலிழப்பும் வந்தது. புத்துநோய் திரும்பி வந்திருக்குமோன்னு பயந்து அலைஞ்சவங்க, சிகிச்சையாலதான் வந்ததுன்னு தெரிஞ்சதும் 1991-ல 'ரேஜ்'னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க. ஆங்கிலத்துல அந்த வார்த்தைக்கு ஆத்திரம்னு அர்த்தம். பொருத்தமான பேர். அவங்க விடாம குரல் குடுத்ததுக்கு அப்புறம் 1995-ல அந்த நாட்டு கதிரியல் மருத்துவர் கல்லூரி ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒரு பகுதிக்குக் கதிர் வெச்சுட்டு அடுத்த பகுதிக்கு நோயாளியை நகர்த்திப் படுக்க வெச்சதுல, இடையில இருக்கற இடத்துக்கு ரெண்டு தடவை டோஸ் விழுந்திருக்கலாம்னு அதுல சுட்டிக்காட்டினாங்க. இன்னிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டர்ல திட்டம் போட்டு வைக்கறாங்க. அதனால இந்த நரம்பு பாதிப்பு ரொம்பவே குறைஞ்சிருக்கு. ஆனா அதைக் கேக்கறதுக்கு நோயாளிங்களே சங்கம் வைக்க வேண்டியிருந்தது பாருங்க.

இப்ப எங்க வீட்டுக் கதை. எங்க அத்தை வீட்டுலயே ப்ளவுஸ் தைக்கிறவங்க. வலது பக்கம் ஆபரேஷன், அப்புறம் கரண்ட். ஆபரேஷன் முடிஞ்சதும் ஆஸ்பத்திரியில கை பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. சுவத்துல விரலை வெச்சு ஏணி ஏற்ற மாதிரி மேல ஏத்தறது. தினமும் கேப்பாங்க, திட்டுவாங்க கூட. ஏன்னா கரண்ட் வைக்கிற மேஜையில கையைத் தலைக்கு மேல தூக்கி வெச்சுக்கிட்டு அசையாம படுக்கணும். கை அவ்வளவு தூரம் போகலைன்னா கதிர் வைக்க முடியாது, தேதி தள்ளிப் போகும். சரி, கை போச்சு, கரண்டும் முடிஞ்சது. அதுக்கப்புறம் ஒருத்தர் கூட அந்தக் கையைப் பத்திக் கேக்கலை. மெஷினுக்குத் தேவைப்பட்ட வரைக்கும்தான் அக்கறை! எட்டு மாசம் கழிச்சு அத்தையால பின்னல் போட முடியலை, கொடியில துணி போட முடியலை, அயர்ன் பாக்ஸைத் தள்ளி வெச்சுட்டாங்க. செக்கப்புக்குப் போனப்ப சொன்னாங்க. "வயசாச்சுல்லம்மா"ன்னு பதில் வந்தது. அத்தைக்கு அப்ப 46 வயசு.

(அந்த ஆஸ்பத்திரி பேரைச் சொல்ல மாட்டேன். உயிரைக் காப்பாத்தினவங்க அவங்கதான், அந்த நன்றி இருக்கு.)

இதுல கணக்கு எங்க வருதுன்னா, ஏ.எஸ். 29-னு ஒரு கணக்கியல் தரநிலை இருக்கு. என் கிளாஸ்மேட்டுங்க இப்ப தலையில அடிச்சுப்பாங்க, பரவாயில்லை. ஏற்கெனவே நடந்த ஒரு விஷயத்தால பின்னாடி செலவு வர்றதுக்கு வாய்ப்பு அதிகம், தொகையையும் ஓரளவு மதிப்பிட முடியும்னா, இப்பவே அதுக்கு ஒதுக்கீடு வைக்கணும். வரலாம், வராமலும் போகலாம்னா, அடிக்குறிப்புல எழுதணும். வர்றதுக்கு வாய்ப்பே சொற்பம்னா விட்டுடலாம். ஒரு கம்பெனி தன் வாரண்டி செலவுக்கே இப்படித்தான் செய்யுது. மிக்ஸி விக்கறவன் ரிப்பேருக்கு ஒதுக்கி வைக்கிறான். கதிர்வீச்சு பேக்கேஜ்ல? அத்தைக்குக் குடுத்த பேக்கேஜ் பேப்பரை நான் வரி வரியா படிச்சேன். ஸ்கேன், பிளானிங், சிட்டிங், டாக்டர் ஃபீஸ் எல்லாம் இருக்கு. தோள்பட்டைக்கு ஒரு வரி இல்லை. தோள் இறுக்கம்கிறது வாய்ப்பு அதிகம்ங்கற வகை, அதுக்கு ஒதுக்கீடு வேணும். நரம்பு பாதிப்பு அடிக்குறிப்பு வகை, கையெழுத்து வாங்கற படிவத்துல தமிழ்ல நாலு வரி இருக்கணும். அத்தை கையெழுத்துப் போட்டது இங்கிலீஷ் படிவத்துல.

இதுக்கெல்லாம் காசுக்கு எங்க போறதுன்னு கேப்பாங்க. இங்கிலாந்துலயே இதையும் கணக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. 'பிராஸ்பர்'ங்கற ஆய்வு, 2021-ல முடிவு வந்தது. மார்பக ஆபரேஷன் ஆகி, தோள் பிரச்சினை வர வாய்ப்பு அதிகமா இருந்த 392 பெண்கள். அக்குளுக்குக் கதிர்வீச்சு எடுக்கப் போறவங்களும் இதுல சேத்தி. பாதிப் பேருக்கு வழக்கமான காகிதக் குறிப்பு மட்டும், பாதிப் பேருக்கு அதோட பிசியோதெரபிஸ்ட்டை நேர்ல சில தடவை பாத்து, வீட்டுலயே செய்யற பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டாவது குழுவுக்குக் கை நல்லா வேலை செஞ்சது, வலியும் குறைவு. செலவு? சராசரியா ஒரு ஆளுக்கு 387 பவுண்ட் குறைச்சல்! அந்தத் தொகையில ஏற்ற இறக்கம் அதிகம், அதனால "கட்டாயம் மிச்சம்"னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். "கட்டுப்படியாகாது"ன்னு சொல்றவங்க வாயை மூட அது போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. வரச் சொன்னாலும் நோயாளிங்க வர மாட்டாங்க, ஊர் தூரம், பஸ் செலவு, ஒரு நாள் கூலி போகும். உண்மைதான். முன்னாடி 25 சிட்டிங் வழக்கமா இருந்தது, இப்ப பல பேருக்கு 15 போதும்னு ஆகியிருக்கு. அஞ்சே சிட்டிங்ல முடிக்கலாம்னு 2020-ல ஒரு பெரிய ஆய்வு வந்தது. 25-லேருந்து 15-ன்னா பத்து தடவை வந்து போற செலவு மிச்சம், அதுல மூணு தடவை தோளுக்காக வரச் சொல்லலாமே. வர முடியாதவங்களுக்கு ஃபோன்ல வீடியோ கால் இருக்கு. அதை மருந்துக் கம்பெனிக்காரங்க கிட்ட மட்டும்தான் பேசணும்னு சட்டம் எதுவும் இல்லை.

இந்தியாவுல 2022-ல மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதுசா மார்பகப் புத்துநோய் வந்ததா உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டிருக்கு. இதுல கதிர்வீச்சு எடுக்கறவங்க நிறைய பேரு. பெரும்பாலானவங்க கையால வேலை செஞ்சு சாப்பிடறவங்க.

உங்க வீட்டுல யாராவது இப்ப கரண்ட் வெச்சுக்கிட்டிருந்தா, முடியற அன்னிக்கு டாக்டர் கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. பயிற்சியை எவ்வளவு நாள் தொடரணும், பிசியோதெரபிஸ்ட்டை எப்ப எப்ப வந்து பாக்கணும். அப்புறம் கை எத்தனை டிகிரி மேல போகுதுன்னு அளந்து சம்மரியில எழுதித் தரச் சொல்லுங்க. ஆரம்பத்துல ஒரு எண், முடிஞ்சப்ப ஒரு எண், ஆறு மாசம் கழிச்சு ஒரு எண். அந்த எண் குறைஞ்சிருந்தா யாரும் வயசாச்சுன்னு சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது. அளக்கற கருவியும் ஒண்ணும் பெருசா இல்லை. ஆறாங்கிளாஸ் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்த கோணமானிக்கு ரெண்டு கை முளைச்ச மாதிரி இருக்கும்.