இனாம் சந்தாவும் மௌன சம்மதமும்

"முதல் மாதம் இனாம், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்" என்ற அழைப்பு இன்று திசைதோறும் கேட்கிறது. சினிமாப் படங்களை வீட்டிற்கே அனுப்பும் கம்பெனிகளும், தேகாப்பியாசக் கூடங்களும், சிறு வியாபாரிகளுக்குக் கணக்கெழுதும் மென்பொருள் விற்போரும் சந்தாதாரரைச் சேர்க்க இம்முறையையே கையாளுகின்றனர். மாதிரி காட்டி விற்பது குற்றமன்று. மாம்பழம் விற்பவன் ஒரு கீற்றை அறுத்துச் சுவைக்கத் தருவது தொன்றுதொட்டு வந்த வழக்கமேயாகும். ஆனால், அவன் கீற்றைத் தருமுன் நமது பணப்பையைத் தன் கையில் வாங்கிக்கொள்வதில்லை. நாம் பேசாது வீடு திரும்பினால் மாதந்தோறும் ஒரு கூடைப் பழத்தின் விலையை அதிலிருந்து எடுத்துக்கொள்வதுமில்லை.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது உலக வழக்கு. நியாய ஸ்தலம் அதை அப்படியே ஏற்பதில்லை. 1862-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் பெல்ட்ஹவுஸ் வழக்கு தீர்ப்பாயிற்று. "உன்னிடமிருந்து பதில் வராவிடில் குதிரை என்னுடையதெனக் கொள்வேன்" என்ற கருத்தில் சிறிய தந்தை முறையினரான ஒருவர் தம் உறவினனான இளைஞனுக்கு எழுதினார், பதில் வரவில்லை. அதனால் ஒப்பந்தம் ஏற்படவில்லை என்று நீதிபதிகள் கூறினர். ஒருவனது வாய் மூடியிருப்பதைக் கொண்டு அவன்மீது கடனைச் சுமத்தலாகாது என்பதே அதன் சாரம்.

"சந்தாதாரர் ஆரம்பத்திலேயே நிபந்தனைகளை ஒப்புக்கொண்டாரன்றோ?" என்று கம்பெனியார் கேட்பர். கேள்வி நியாயமானதே. எனினும், இரு சாராரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வதே சம்மதம் என்று 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு விதிக்கிறது. "இனாம்" என்பதைப் பெரிய எழுத்திலும், பின்னர் எடுக்கப்போகும் தொகையைப் பொடி எழுத்திலும் அச்சிட்டால், இருவரும் ஒரே அர்த்தத்தைக் கொண்டனர் என்று எவ்வாறு சொல்லக்கூடும்?

நம் நாட்டில் இது குறித்து விதிகள் இல்லாமலில்லை. 2021 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் பாங்கின் ஏற்பாட்டின்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாகச் சந்தாதாரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். மறுக்கவும் வழி தர வேண்டும். ஆனால், ஒவ்வொரு முறையும் தனி அத்தாட்சி கேட்க வேண்டிய வரம்பு 5,000 ரூபாயிலிருந்து 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெரும்பாலான சந்தாக்கள் இவ்வரம்பிற்குள் அடங்கிவிடுவதால், எஞ்சிய காவல் அந்த ஒரு நாள் அறிவிப்பே.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகை ஏமாற்று முறைகளைக் குறிப்பிட்டு நெறிமுறை வெளியிட்டது. "சந்தாப் பொறி" அவற்றுள் ஒன்று. நிறுத்தும் வழியை மறைப்பதோடு, இனாம் சந்தாவுக்கே கார்டு விவரத்தையோ, தானாகப் பணம் எடுக்க அதிகாரத்தையோ கட்டாயமாகக் கேட்பதும் அதில் அடங்கும். விதி தெளிவாயிருக்கிறது, அதை நிறைவேற்றும் ஊக்கமே வேண்டும்.

அமெரிக்க அனுபவம் நமக்குப் படிப்பினையாகும். சந்தாவில் சேர்வது எவ்வளவு சுலபமோ, விலகுவதும் அவ்வளவு சுலபமாயிருக்க வேண்டுமென்று அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் 2024-ல் செய்த விதியை, நடைமுறைக் குறை காரணமாக 2025 ஜூலையில் கோர்ட்டு தள்ளிவிட்டது. ஆயினும், முன்பே இருந்த சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கில், அமேசான் கம்பெனி 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர இசைந்து சமாதானம் செய்துகொண்டது. அதில் 150 கோடி சந்தாதாரருக்குத் திருப்பித் தருவதற்கு. புதுச் சட்டத்தைக் காட்டிலும், உள்ள சட்டத்தை உறுதியுடன் செலுத்தும் அதிகாரிகளே ஜனங்களுக்கு அரண் என்பது இதனால் விளங்கும்.

நேர்மையான வர்த்தகருக்கு ஒரு வார்த்தை. இனாம் காலம் முடியும்போது, "தொடர விருப்பமா?" என்று வெளிப்படையாகக் கேட்டு, "ஆம்" என்ற பதில் வந்த பிறகே பணம் பெறுங்கள். சேருவோர் தொகை சற்றுக் குறையலாம். சேர்ந்தவர் நிலைத்து நிற்பர். சந்தாவை மறந்தவரின் பணத்தில் நடக்கும் தொழிலுக்கு, அவர் நினைவு கூரும் நாளே முடிவு நாளாகும். ஆணையம் தன் நெறிமுறையை ஏட்டளவில் வைத்திராமல், மீறுவோர்மீது தாமதமின்றி நடவடிக்கை எடுக்க வேண்டும். பொதுஜனங்களும் மாதந்தோறும் பாங்குக் கணக்கை ஒரு முறை படித்துப் பார்த்து, தாம் அறியாத செலவைக் கண்டால் முறையிடத் தயங்கலாகாது.