கடலில் கரைந்து போகும் கூலி

திண்டுக்கல்லில் கடல் இல்லை, கப்பலும் இல்லை. கடலோடியின் கூலியைப் பற்றி அவ்வூர்க்கென்ன கவலை எனச் சிலர் வினவலாம். வேடசந்தூர்ப் பகுதி ஆலைகளில் நூற்கப்படும் நூல் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அயல்நாடு செல்கின்றது. அதனை நூற்கும் பெண்ணுக்கு ஏட்டளவிலேனும் குறைந்த அளவுக் கூலிச் சட்டம் உண்டு. அதனைச் சுமந்து செல்லும் கப்பலில் உழைப்பவனுக்கு? கரையைக் கடந்ததும், கப்பலின்மேல் பறக்கும் கொடி எந்நாட்டினதோ அந்நாட்டுச் சட்டமே அவனை ஆள்கின்றது. முதலாளி ஒரு நாட்டினன், கொடி மற்றொரு நாட்டினது, உழைப்பவனோ தமிழன்! கூலி குறைந்த இடம் தேடிக் கொடியை மாற்றுவது முதலாளிக்கு எளிது.

இக்கொடுமையை உலகம் 17.3.2022 அன்று கண்டது. ஆங்கிலக் கால்வாயில் கப்பல் விடும் 'பி அண்டு ஓ' குழுமம் 786 கடலோடிகளை ஒரே நாளில் நீக்கியது. அவர்க்கு மாற்றாக வந்தோரில் இந்தியரும் இருந்தனர். அவர்தம் கூலி நிரவலாக மணிக்கு 5.50 பவுன் என அதன் தலைவரே நாடாளுமன்றக் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். அன்று பிரித்தானியக் கரையில் குறைந்த கூலியோ 8.91 பவுன்! ஏழையைக் கொண்டே ஏழையின் வயிற்றில் அடிக்கும் சூழ்ச்சி அன்றோ இது?

பிரித்தானியா 2023-இல் விழித்தது. ஆண்டுக்கு 120 முறையேனும் தன் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல், எக்கொடியினதாயினும், தன் கடற்பரப்பில் அந்நாட்டுக் கூலிக்கு ஒப்பான கூலி தரல் வேண்டும், தவறின் தண்டம், மீறின் துறை மறுப்பு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் தேர்ந்த கடலோடிக்கு 2026 முதல் திங்களுக்கு 690 அமெரிக்கத் தாலர் அடிப்படை ஊதியம் என வரையறுத்துள்ளது. ஆயின் அது பரிந்துரையே, கட்டளை அன்று. பூட்டு உண்டு, திறவுகோல் முதலாளி கையில்!

கூலிக் கொள்ளைக்குத் துணைநிற்பது மொழி அடிமைத்தனம். இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, பணியுடன்பாட்டை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் எனக் கூறவில்லை. வேறு மொழியில் எழுதின் ஆங்கிலப் படியும் இருத்தல் வேண்டும் என்றே கூறுகின்றது. பின், நிலக்கோட்டை இளைஞன் தனக்கு விளங்காத தாளில் கைந்நாட்டிடுவது எதற்காக? வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் முகவர் பணம் பெறலாகாது என்பதும் அவ்வுடன்படிக்கையில் உள்ளதே! அவ்வரி தமிழில் கண்முன் இருப்பின் எந்தத் தந்தை காணியை விற்று முகவனிடம் கொடுப்பான்?

1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் கண்ட வ.உ. சிதம்பரனார், 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்க்காகப் போராடி ஊதிய உயர்வு பெற்றுத் தந்தார். கப்பலையும் கூலியையும் அவர் பிரித்தெண்ணினார் அல்லர்.

தமிழகத் துறைமுகங்களுக்கு அடிக்கடி வந்துபோகும் எக்கொடிக் கப்பலுக்கும் கூலிச் சட்டம் வேண்டும். தமிழன் கைந்நாட்டிடும் தாள் தமிழில் வேண்டும். இவ்விரண்டும் இரவலாகக் கேட்பன அல்ல, உழைப்பவனின் உரிமைகள். கரையிலுள்ளோர் வாய்திறவாவிடின், கடலில் உள்ளவன் குரல் கரையேறாது.