ஸ்டென்டரும் ஆறாம் அறிவும்

சென்ற வாரம் நம் விடுதி உணவுக்கூடத்தில், சப்பாத்தியோடு போராடிக்கொண்டே ஸ்டென்டர் என்னும் குளத்து நீர் உயிரைப் பற்றி வியந்து பேசினேன். தத்துவம் பயிலும் நண்பர் ஒருவர், "அது வெறும் வேதியியல், அறிவு மனிதனுக்கே உரியது" என்று முடித்துவிட்டார். எனக்கு விடை வாய்க்கவில்லை. (எனக்கு விடை எப்போதும் விளக்கணைத்த பிறகே தோன்றும்!)

ஸ்டென்டருக்கு உடலே ஓர் உயிரணுதான். மூளை இல்லை, நரம்பு இல்லை. எக்காளம் போல் நீண்டு, அடிப்பகுதியால் எதையேனும் பற்றிக்கொண்டு வாழும். அமெரிக்க விலங்கியல் அறிஞர் ஜென்னிங்ஸ் அதன் வாயருகே கார்மைன் பொடியைச் செலுத்திப் பார்த்து, கண்டதை 1906இல் நூலில் விளக்கினார். முதலில் அது உடலை வளைத்து ஒதுங்கிற்று. பொடி நிற்காததால், வாயைச் சுற்றியுள்ள நுண்ணிழைகளை எதிர்த்திசையில் அசைத்து நீரை வெளியே தள்ளிற்று. பிறகு வெடுக்கெனச் சுருங்கிற்று. சுருங்கியும் நீண்டும் பலமுறை பார்த்துவிட்டு, இறுதியில் பற்றை விட்டு நீந்திப் போய்விட்டது!

பிற்காலத்தில் வேறோர் ஸ்டென்டர் இனத்தை வைத்துச் சோதித்தவர்கள் இதைக் காணாமையால், ஜென்னிங்ஸ் சொன்னது ஐயத்திற்கு இடமாயிற்று. 2019இல்தான் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் அவர் கண்ட இனத்தையே தேடியெடுத்து, பொடிக்குப் பதில் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைச் செலுத்தினர். எல்லா உயிர்களும் ஒரே வரிசையில் நடக்கவில்லை. ஆயினும் சுருங்கிப் பாராமல் இடத்தைவிட்டு நீங்கியது அரிதாகவே இருந்தது.

தொல்லை ஒன்றே; விடை மட்டும் மாறுகிறது. அப்படியானால் சற்றுமுன் நடந்தது ஏதோ ஒரு வகையில் அதற்குள் பதிந்திருக்க வேண்டுமன்றோ? அது வேதியியல்தான், மறுக்கவில்லை. நண்பரின் மூளையில் நடப்பதும் வேதியியலன்றி வேறென்ன? "வெறும்" என்ற சொல்லோடுதான் எனக்குப் பூசல். நாளை வரப்போகும் பொடியை நினைத்து இன்றே அஞ்ச ஸ்டென்டரால் இயலாது. தேர்வை நினைத்து நம்மால் இயலும். அந்த வேறுபாடு பெரிது. ஆனால் அது படிகளின் வேறுபாடு. இடையில் மதில் இல்லை என்பது என் துணிபு.

தொல்காப்பியரும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை படிப்படியாகவே அடுக்கினார். மனத்தை ஆறாவதாக வைத்து மக்களை அங்கே அமர்த்தியவர், அக்கிளையில் பிறவும் உண்டு என்று சேர்த்தே சொன்னார். நாம் முற்பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

ஒரு புட்டியில் குளத்து நீர் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை நுண்ணோக்கியருகே வர நண்பர் இசைந்திருக்கிறார். பொடியை அவர் கையாலேயே இடச் சொல்லப் போகிறேன்.