சாதாவா, ஸ்பெஷலா? கேள்வியிலேயே இருக்கிறது மோசடி!

பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை மில்லுக்கு வேலைக்குப் போய்வரும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். ராத்திரி ஷிப்டு முடிந்து திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். "அண்ணே, பவர் போட்டுரவா? வண்டிக்கு நல்லதுண்ணே" என்று கேட்டிருக்கிறான் அங்கே நின்ற பையன். தூக்கக் கலக்கத்தில் இவரும் தலையை ஆட்டிவிட்டார். இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு ரசீதைப் பார்த்தால், லிட்டருக்கு எட்டு ரூபாய் அதிகம்!

"தோழரே, அவன் சொல்றது நெசமா? வண்டிக்கு நல்லதுன்னா எட்டு ரூபா போனாப் போகட்டும். இல்லேன்னா நாம எதுக்கு அழணும்?"

நியாயமான கேள்வி. இதெல்லாம் ஒரு பத்திரிகையில் எழுதுகிற விஷயமா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நம் வானம் பார்த்த பூமியில் மோட்டார் சைக்கிள் சவாரிக்கு வைத்த குதிரை அல்ல. வேலைக்குப் பூட்டிய மாடு. ஷிப்டு நேரத்துக்கு பஸ் கிடைக்காத மில் தொழிலாளிக்கும், சோளத்தட்டைக் கட்டையும் மிளகாய் மூட்டையையும் எக்ஸ்.எல். வண்டியில் ஏற்றிப் போகிற விவசாயத் தொழிலாளிக்கும் பெட்ரோல் என்பது அரிசி, பருப்பு போல வீட்டுச் செலவுதான்.

கணக்கைப் பாருங்கள். போக வர 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் தினம் அரை லிட்டர். மாதம் 26 நாள் வேலைக்கு 13 லிட்டர். லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடினால் மாதம் 104 ரூபாய். வருஷத்துக்கு 1,248 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அப்படியானால் நாலு நாள் கூலியை ஒரு வார்த்தைக்காகப் பறிகொடுக்கிறோம். என்ன அந்த வார்த்தை?

பட்டாசும் ஆக்டேனும்

"ஆக்டேன்" என்பதுதான் அந்த வார்த்தை. பங்கில் 95 என்றும் 100 என்றும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்களே, அது ஆக்டேன் எண். எண் பெரிதானால் சக்தி பெரிது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கும்படியே விளம்பரமும் செய்கிறார்கள். ஆனால் விஷயம் அது அல்ல.

பட்டாசுத் தொழில் நடக்கும் மாவட்டத்துக்காரர்கள் நாம். திரி எரிந்து மருந்தை எட்டிய பிறகு வெடித்தால்தான் பட்டாசு. அதற்கு முன்பே வெடித்தால் அது விபத்து. இன்ஜினுக்குள்ளும் இதே கதைதான். பெட்ரோல் ஆவியும் காற்றும் சிலிண்டருக்குள் புகுகின்றன. பிஸ்டன் மேலேறி அவற்றை நெருக்குகிறது. பிளக் பொறி தட்டியதும் எரிகிறது. நெருக்கம் அளவுக்கு மிஞ்சினால், பொறியின் தீ வந்து சேருமுன்பே மீதி ஆவி தானாக வெடித்துவிடும். இன்ஜின் 'டக் டக்' என்று தட்டும். பட்டறைக்காரர்கள் 'நாக்கிங்' என்பது இதைத்தான்.

அப்படித் தானாக வெடிக்காமல் பொறுத்திருக்கும் குணத்தின் அளவே ஆக்டேன். எண் அதிகமானால் மருந்து அதிகம் என்று அர்த்தமல்ல. அவசரப்படாத மருந்து என்றுதான் அர்த்தம்.

பெட்ரோலில் இந்தப் பொறுமை யாருக்கு வேண்டும்? ஆவியை மிக அதிகமாக நெருக்குகிற இன்ஜினுக்கு வேண்டும். பந்தய வண்டி மாதிரி வருகிற விலை உயர்ந்த மோட்டார் சைக்கிள்களில் 12 பங்கு ஆவியை ஒரு பங்காகவும், அதற்கு மேலும்கூட நெருக்குகிறார்கள். அந்த வண்டியின் கையேட்டில் 95 வேண்டும் என்று போட்டிருந்தால் அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை. நம்மவர்கள் ஓட்டுவது 97.2 சி.சி. ஸ்ப்ளெண்டர், 99.7 சி.சி. எக்ஸ்.எல். 100. இந்த நூறு சி.சி. வண்டிகளின் நெருக்கம் சுமார் 10-க்கு 1. இவை சாதாரண பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்டவை. தட்டாத இன்ஜினுக்குத் தட்டாமல் இருக்க மருந்து எதற்கு? காய்ச்சல் இல்லாதவனுக்கு ஊசி போட்டுக் காசு பிடுங்குகிற வைத்தியம் இது!

சர்க்காரே சொன்ன சாட்சி

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. எத்தனால் கலப்பு பற்றி எதிர்ப்பு எழுந்தபோது, 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. முன்னர் 88 ஆக இருந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் பிறகு 91 ஆக உயர்ந்தது என்றும், 20 சதவீதம் எத்தனால் கலந்த பிறகு அது 95 ஆகிவிட்டது என்றும் அதில் பெருமையோடு சொன்னார்கள்.

நாம் கேட்கிறோம்: சாதாரண பெட்ரோலே 95 என்றால், பக்கத்துக் குழாயில் "95" என்று எழுதி லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் அதிகம் வாங்குவது எதற்காக? சர்க்கார் சொல்வது நிஜமானால் விளம்பரம் வீண். விளம்பரம் நிஜமானால் சர்க்காரின் பேச்சு வீண். இரண்டில் எது?

"சுத்தம் செய்யும் மருந்து சேர்க்கிறோம்" என்று பதில் வரும். சேர்க்கிறார்கள்தான், நாம் மறுக்கவில்லை. இன்ஜினுக்குள் படிகிற கசடைக் குறைக்க அது உதவக்கூடும். ஆனால் கரிசல் புழுதியில் ஓடுகிற வண்டிக்கு முதல் எதிரி எது? அடைத்துப்போன காற்று பில்டரும், கருத்துப்போன இன்ஜின் ஆயிலும்தான். வருஷம் 1,248 ரூபாய் மிச்சம் பிடித்தால் இரண்டு மூன்று தடவை ஆயில் மாற்றலாம். எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேளுங்கள், வண்டிக்கு எது நல்லது என்று!

"மைலேஜ் கூடும்" என்பது அடுத்த பேச்சு. லிட்டருக்கு 8 சதவீதம் அதிக விலை கொடுக்கிறோம். மைலேஜும் 8 சதவீதம் கூடினால்தான் கணக்கு சரியாகும். அறுபது ஓடும் வண்டி அறுபத்தைந்து ஓட வேண்டும். ஆக்டேன் எண் கூடியதால் மட்டும் பெட்ரோலில் எரிசக்தி கூடிவிடாது. பிறகு எப்படி ஓடும்?

எத்தனாலுக்குப் பயந்து...

"சாதாவில் எத்தனால் கலக்கிறான், அதனால்தான் நான் ஸ்பெஷல் போடுகிறேன்" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பயம் நியாயமானது, பரிகாரம் தவறானது. 95 என்று விற்கிற பெட்ரோலிலும் எத்தனால் கலந்துதான் வருகிறது. ஏழெட்டு ரூபாயை அதிகமாகக் கொடுத்து அதே கலப்பைத்தான் வாங்குகிறோம்.

எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலப்புக்கென்று செய்யப்படாத பழைய இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் வரை குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர் சமாசாரங்களையும் கவனிக்க வேண்டும். புது வண்டிகளை இந்தக் கலப்புக்கு ஏற்ற பொருள்களால் செய்ய ஆரம்பித்ததே 2023-ல்தான். நம்மவர்களில் எத்தனை பேர் வைத்திருப்பது 2023-க்குப் பிந்திய வண்டி? இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்த வண்டிகள்தானே!

கலப்பு ஏறியது, மைலேஜ் இறங்கியது, விலை மட்டும் ஏன் இறங்கவில்லை? பழைய வண்டிக்காரனுக்குக் கலப்புக் குறைந்த பெட்ரோல் ஏன் கிடைக்கக்கூடாது? கேட்க வேண்டிய கேள்வி இது. இதைக் கேட்கவிடாமல், "சாதாவா, ஸ்பெஷலா?" என்று நம்மையே கேட்கிறார்கள்!

பழைய கம்பெனி, பழைய வித்தை

ஆக்டேனைக் காட்டிக் காசு பறிப்பது இன்றைக்கு வந்ததல்ல. நாக்கிங்கை அடக்க, பெட்ரோலில் ஈயச் சரக்கைக் கலக்கலாம் என்று 1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் கண்டுபிடித்தார்கள். 1923-ல் அதை "எத்தில்" என்ற பேரில் உயர்ரகமாக விற்க ஆரம்பித்தார்கள். ஈயம் விஷம் என்பது ஊரறிந்த சங்கதி. ஆகவே பேரில் ஈயத்தின் வாசனையே வராமல் பார்த்துக்கொண்டார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்ஸி மாகாணத்தில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் பேவே ஆலையில் அந்தச் சரக்கைக் கையாண்ட தொழிலாளர்கள் பித்துப் பிடித்து அலறினார்கள். ஐந்து பேர் செத்தார்கள். கம்பெனித் தரப்பு என்ன சொல்லிற்று தெரியுமா? அளவுக்கு மீறி உழைத்ததால் புத்தி பேதலித்திருக்கலாம் என்று சொல்லிற்று!

அந்த ஈய பெட்ரோல் இந்தியா முழுவதிலும் நிற்க 2000-ம் வருஷம் ஆயிற்று. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021-ல். இன்றைய ஸ்பெஷல் பெட்ரோலில் ஈயம் இல்லை. அதையும் இதையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் பேரை மினுக்கி, விவரத்தை மறைத்து விற்கிற புத்தி மாறவில்லை. 1996-ல் அமெரிக்காவின் வர்த்தகக் கமிஷனே எக்ஸான் கம்பெனி மீது, உயர்ரக பெட்ரோல் பற்றி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாகக் குற்றம் சாட்டியது. மறு வருஷம் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. பெரும்பாலான கார்களுக்குச் சாதாரண பெட்ரோலே போதும் என்று தானே ஜனங்களுக்கு அறிவிக்கும் நிலை வந்தது!

எட்டு ரூபாயும் இருபத்திரண்டு ரூபாயும்

தோழர்களே, எட்டு ரூபாயை மிச்சப்படுத்துங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். சாதாரண பெட்ரோலின் விலையிலேயே இருக்கிறது பெரிய கொள்ளை.

2014-ல் லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 9 ரூபாய் 48 காசு. 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு விழுந்தது. விலை நமக்கு இறங்கியதா? மே மாதத்தில் வரியை 32 ரூபாய் 98 காசாக ஏற்றினார்கள். அப்புறம் குறைத்து, மறுபடியும் கூட்டி, 2025 ஏப்ரலில் 21 ரூபாய் 90 காசில் நிறுத்தினார்கள். அதிலும் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய பகுதி 1 ரூபாய் 40 காசுதான். மாநில சர்க்காரும் சும்மா இல்லை. 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகும் 13 சதவீதமும், அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாங்கியது.

எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் என்ற அன்னியக் கம்பெனிகளை 1974 முதல் 1977-க்குள் தேசவுடைமை ஆக்கினார்கள். எதற்காக? ஜனங்களின் சொத்து ஜனங்களுக்கு உதவட்டும் என்றுதான். ஆனால் 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2017 ஜூனிலிருந்து தினமும் விலை மாறும் என்றார்கள். 2023-24-ல் மூன்று அரசுக் கம்பெனிகளும் சேர்ந்து அடைந்த லாபம் ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய். அந்த வருஷம் நமக்குக் குறைத்தது லிட்டருக்கு 2 ரூபாய், அதுவும் தேர்தலை ஒட்டி 2024 மார்ச்சில்!

குடையும் கப்பலும்

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரை நம் ஊரார் அறிவார்கள். ஜமீன்தார்களோடு நமக்கு வேறு கணக்கு உண்டு, அது இருக்கட்டும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதன் தலைவராக இருந்தவர் அவர். வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாக ஏறு என்றது, குடையும் தருகிறேன் என்றது. குடைக்கு மயங்காமல் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் நம் ஜனங்கள். ஆனாலும் 1908-ல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளிய பிறகு கம்பெனி தழைக்கவில்லை. எந்தச் சீட்டை வாங்குவது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்மானிப்பது மட்டும் போதாது. சர்க்காரை வளைக்கிற பலம் வேண்டும். இதுவே அந்தக் கப்பல் சொல்லும் பாடம்.

ஆகவே நாம் சொல்கிறோம்:

நூறு சி.சி. வண்டிக்குச் சாதாரண பெட்ரோலே போதும், கேட்டுப் போடுங்கள். "சாதா இல்லை" என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பூஜ்யத்தைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவு பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

பங்கில் நிற்கும் பையனிடம் சண்டை போடாதீர்கள். வெயிலில் நின்று, பெட்ரோல் ஆவியை மூச்சில் இழுத்து, சொற்பக் கூலிக்கு உழைக்கிறவன் அவன். "பவர் போடவா" என்று கேட்கச் சொன்னவர் வேறு. அவனையும் சங்கத்துக்கு அழையுங்கள்.

எந்தக் குழாயில் எத்தனை சதவீதம் எத்தனால், எத்தனை ஆக்டேன் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வை. பழைய வண்டிகளுக்குக் கலப்புக் குறைந்த பெட்ரோல் கொடு. கலால் வரியைக் குறை! இந்தக் கோரிக்கைகளைச் சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் தீர்மானமாக்கி அனுப்புங்கள்.

அந்த மில் தோழருக்கு நாம் சொன்ன பதிலும் இதுதான். "அப்போ நாளையிலேருந்து சாதா. தீர்மானத்தை எப்போ எழுதலாம்?" என்று கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கிறோம். எல்லோரும் வாருங்கள்!